பத்தொன்பதாவது டம்ளர்

நானூற்றுப் பன்னிரண்டு படிவங்களில் "இல்லை" என்று எழுதிய கை இது. வீடு வீடாகப் போய், வெயிலில் கருத்து, செருப்பு இரண்டு ஜோடி தேய்ந்து எழுதினேன். அதில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் தப்பு. அந்தத் தப்பைக் கண்டுபிடித்தது நானும் இல்லை, என்னை வேலைக்கு எடுத்த டாக்டரும் இல்லை. எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்ட ஒரு நடவுக்காரிதான் அதை எங்களுக்குக் காட்டினார். அவரைப் பற்றி எழுதத்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

பெயர் கமலாம்பாள். வயது நாற்பத்தொன்று. அவர் அம்மா திருவாரூர்க்காரி என்பதால் அந்த ஊர் அம்மன் பெயரை வைத்துவிட்டார்கள். வாக்கப்பட்டு வந்தது ஒரத்தநாட்டுக்குக் கிழக்கே ஒரு வாய்க்கால்கரை ஊர். பதினெட்டுப் பெண்கள் சேர்ந்த நடவு செட்டுக்கு அவர்தான் தலைவி. எந்த வயலில் என்றைக்கு இறங்குவது, நாற்றுக் கட்டு எத்தனை, யார் எந்த வரிசையில் நிற்பது, எல்லாம் அவர் வைத்ததுதான் சட்டம். குரலோ அப்படி ஒரு குரல். இந்தக் கரையில் நின்று ஒரு அதட்டல் போட்டால் அந்தக் கரையில் மேய்கிற மாடு தலையைத் தூக்கும். நடவு மிஷின் வந்து எத்தனையோ வருடம் ஆகிறது. ஆனால் முழங்கால் ஆழச் சேற்றில் இறக்கினால் மிஷின் பொதக்கென்று உட்கார்ந்துவிடும். அந்த மாதிரி பள்ளத்து வயல்களுக்கெல்லாம் இன்றைக்கும் கமலாம்பாள் செட்தான் வேண்டும்.

நான் பர்வின். ஒரத்தநாடு கடைத்தெருவில் என் அத்தாவுக்குப் பாத்திரக் கடை. சமூகப்பணி படித்துவிட்டு டாக்டர் ரிஃப்காவின் ஆய்வுத் திட்டத்தில் களப்பணிக்குச் சேர்ந்தேன். எனக்குக் கொஞ்சம் முன்கோபம். என் உம்மா சைத்தூன் பீவி என்னைப் பட்டாசு என்றுதான் கூப்பிடுவார். அந்தப் பெயர் எனக்குப் பொருத்தம்தான் என்பதை இந்தக் கதையே சொல்லிவிடும்.

டாக்டர் ரிஃப்கா பிள்ளைகளின் மூளை வளர்ச்சியைப் பார்க்கிற டாக்டர். தஞ்சாவூரில் ஒரு மருத்துவமனையின் பின்கட்டில் அவருக்கு இரண்டு அறை. ஒன்றில் ஆய்வு, மற்றொன்றில் பிள்ளைகளுக்குப் பயிற்சி. அவர் துரத்திக்கொண்டிருந்த நோயை எளிமையாகச் சொல்கிறேன். கருவுற்றிருக்கும்போது தாய் மது குடித்தால் அது பிள்ளையின் மூளையைப் போய்த் தொடுகிறது. அந்தத் தடம் ஆயுசுக்கும் போகாது. சில பிள்ளைகளுக்கு முகத்திலும் தெரியும், மேலுதடு மெலிந்து, மூக்குக்குக் கீழே இருக்கிற பள்ளம் இல்லாமல் வழவழவென்று இருக்கும். பல பிள்ளைகளுக்கு முகத்தில் ஒன்றும் தெரியாது. இன்றைக்குப் படித்தது நாளைக்கு மறந்துபோகும், கணக்கு வராது, கோபம் வந்தால் அடங்காது. அடியோடு குணமாக்குகிற மருந்து இன்னும் இல்லை. ஆனால் சின்ன வயதிலேயே கண்டுபிடித்துப் பழக்கினால் அந்தப் பிள்ளை தன் காலில் நிற்கும். வராமல் தடுப்பதோ முழுக்க முழுக்க நம் கையில் இருக்கிறது.

கமலாம்பாள் அக்காவை எனக்குப் பழக்கமாக்கியது அவர் மகள் பிரகதீஸ்வரி. எல்லோருக்கும் பிரகதி. ஒன்பது வயது, இரண்டாம் வகுப்புப் பிள்ளை உயரம். சிரித்தால் அறை முழுக்கச் சிரிக்கும். ஒன்று, இரண்டு என்று எண்ண ஆரம்பித்தால் பதினொன்று வரை ஓடும். பதினொன்று வந்ததும் திரும்பி ஐந்துக்குப் போய்விடும். எத்தனை முறை ஆரம்பித்தாலும் அதே பதினொன்று, அதே ஐந்து. பள்ளிக்கூடத்தில் மக்கு என்றார்கள். வீட்டில் அக்கா விளக்குமாற்றை எடுத்தார். "வேணும்னே பண்றா, திமிரு" என்பார். எங்கள் அறைக்கு வந்து ஆறு மாதத்தில்தான் பிள்ளை தானாகக் குளித்து, சீருடை போட்டு, பையை எடுக்கக் கற்றுக்கொண்டிருந்தாள். செவ்வாயும் வெள்ளியும் பயிற்சி. அந்த இரண்டு நாளும் விடிவதற்கு முன்பே வாசலில் வந்து நின்றுகொள்வாளாம்.

டாக்டருக்கு முதல் நாளே சந்தேகம். முகத்தில் மூன்று அடையாளம் பார்ப்பார்கள், பிரகதிக்கு இரண்டு இருந்தன. தாய் குடித்தது உறுதியானால்தான் நோயின் பெயரை எழுத முடியும். கேட்டார். "சத்தியமா இல்லீங்க டாக்டரம்மா" என்றார் அக்கா. அந்தப் பதிலில் அப்படி ஒரு ரோஷம். பிரகதியின் கோப்பில் "காரணம் தெரியவில்லை" என்று எழுதினோம்.

அந்த ஜூன் மாதம் முழுக்க நான் ஊர் ஊராகப் போய்க் கருவுற்ற பெண்களையும் கைக்குழந்தைக்காரிகளையும் அதே கேள்வி கேட்டேன். கர்ப்ப காலத்தில் மது அருந்தினீர்களா? நானூற்றுப் பன்னிரண்டு பேர். ஒருத்தி விடாமல் இல்லை என்றார்கள். இரண்டு பேர் என்னை வாசலை விட்டே விரட்டினார்கள். ஒரு மாமியார் என் மேல் தண்ணீரை ஊற்றினார், துணி துவைத்த தண்ணீர்.

செப்டம்பரில் கடிதம் வந்தது. எங்கள் திட்டம் ஒரு வருட முன்னோட்டம்தான். அடுத்து ஐந்து வருடத்துக்கு, தடுக்கவும் சிகிச்சை தரவும் சேர்த்து, தில்லியில் ஒரு நிதிக் குழுவிடம் விண்ணப்பித்திருந்தோம். குழு எங்கள் கணக்கையே எங்கள் முகத்தில் வைத்துக் காட்டியது. நானூற்றுப் பன்னிரண்டு பேரில் ஒருவர்கூடக் குடிக்கவில்லை என்றால் டெல்டாவில் இந்தப் பிரச்சினையே இல்லை, இல்லாத நோய்க்கு எதற்கு நிதி? டிசம்பரில் நேரில் வருவார்கள், விளக்கம் கேட்பார்கள், அவ்வளவுதான். அவர்கள் கையை விரித்துவிட்டால் மார்ச்சில் இரண்டு அறையையும் பூட்ட வேண்டியது. பிரகதியும் அவளைப் போன்ற இருபத்தாறு பிள்ளைகளும் வீட்டோடு. எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அந்தக் கடிதத்தைச் சுக்குநூறாகக் கிழித்திருப்பேன். டாக்டர் என் கையிலிருந்து அதை வாங்கி மடித்து மேசைக்குள் வைத்தார்.

புரட்டாசி கடைசி. மழை விட்டு விட்டுப் பெய்துகொண்டிருந்தது. ஒரு படிவத்தில் கையெழுத்து விட்டுப் போயிருந்ததால் குந்தவையைத் தேடிப் போனேன். அவள் அக்கா செட்டில் நடுகிற பெண், ஐந்து மாதக் கர்ப்பிணி. பஞ்சநதம் என்கிற பெரிய விவசாயியின் பள்ளத்து வயலில் சம்பா நடவு. விடியலிலிருந்து சேற்றில் நின்றவர்கள் பத்தரை மணிக்கு வரப்பேறினார்கள். குந்தவைக்கு உதடு வெளுத்து, பல் கிட்டிப்போயிருந்தது.

அக்கா ஒயர் கூடையைத் திறந்தார். பிளாஸ்கில் வெந்நீர். துண்டில் சுற்றி ஒரு பாட்டில். பாட்டில் மூடியிலேயே அளந்து டம்ளரில் ஊற்றி, வெந்நீர் விட்டு, முதல் டம்ளரைக் குந்தவையிடம் நீட்டினார். வாடை என் மூக்கில் ஏறியது. அது பிராந்தி.

"புள்ளத்தாச்சிக்கா அக்கா ஊத்துறீங்க?" என்றேன்.

"புள்ளத்தாச்சிக்குத்தான் மொதல்ல. குளிரு ஏறுனா வயித்துப் புள்ளைக்கு ஆவாதுல்ல. இது மருந்து."

அந்தப் பக்கத்தில் அது வழக்கமாம். மழைக்கால நடவுக்குக் கூலி, வெற்றிலை பாக்கு இவற்றோடு செட்டுக்கு ஒரு பாட்டிலும் வயல்காரர் கொடுத்துவிட வேண்டும். ஆண்கள் கடையில் போய்க் குடிப்பதுதான் குடி. வரப்பில் மூடியால் அளந்து வாங்குவதை யாரும் குடியாக நினைத்ததே இல்லை. என்னிடம் அந்த நானூற்றுப் பன்னிரண்டு பேரில் யாரும் பொய் சொல்லவில்லை. அவர்களுக்குத் தெரிந்த உண்மையைத்தான் சொன்னார்கள்.

இதையெல்லாம் இன்றைக்கு நிதானமாக எழுதுகிறேன். அன்றைக்கு எங்கே நிதானம்? குந்தவையின் கையிலிருந்து டம்ளரைப் பிடுங்கிச் சேற்றில் கொட்டினேன். பயிற்சியில் எங்களுக்குப் படித்துப் படித்துச் சொன்னது ஒன்றே ஒன்று, யாரையும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றிக் கேட்காதே என்று. பட்டாசு வெடித்துவிட்டது.

"பிரகதிக்கு என்ன ஆச்சுன்னு ஆறு மாசமா தேடுறோம்கா. அவ வயித்துல இருந்தப்பவும் இதைத்தான் குடிச்சீங்களா?"

பதினேழு பெண்களும் அவரைப் பார்த்தார்கள். அக்கா தன் கையிலிருந்த டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அதைக் கவிழ்த்து வைத்துவிட்டு வயலில் இறங்கினார். சாயங்காலம் வரை ஒரு வார்த்தை பேசாமல் நட்டார் என்று பிறகு கேள்விப்பட்டேன். அவர் குரல் கேட்காத முதல் நடவு அதுதானாம்.

வீட்டுக்கு வந்து உம்மாவிடம் பொரிந்து தள்ளினேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு உம்மா, நம் வீட்டில் அந்தக் கருமம் எதுவும் கிடையாது, அல்லாஹ் காப்பாற்றினான் என்றார். பக்கத்தில் என் அக்கா சுமையா நாலு மாதக் கர்ப்பத்தோடு உட்கார்ந்து, பசி எடுப்பதற்காக அரிஷ்டம் குடித்துக்கொண்டிருந்தாள். ஏதோ தோன்றி அந்த பாட்டிலை வாங்கி லேபிளைப் படித்தேன். தானாக ஊறிய ஆல்கஹால் இத்தனை சதவீதம் என்று பொடி எழுத்தில் போட்டிருந்தது. என் கேள்வியை சுமையாவிடம் கேட்டிருந்தால் அவளும்தான் என்னை வாசலை விட்டு விரட்டியிருப்பாள். உம்மா அந்த பாட்டிலைத் தூக்கிப்போய் வாய்க்காலில் கொட்டிவிட்டு வந்து, என் முகத்தையே பார்க்கவில்லை. எனக்கு வெட்கமாக இருந்தது. அந்தப் பெண்களை முட்டாள்களாக நினைத்த நான், என் வீட்டு அலமாரியைத் திறந்து பார்த்ததில்லை.

அந்த வெள்ளிக்கிழமை பிரகதி வரவில்லை. அடுத்த செவ்வாயும் வரவில்லை. அக்கா போனை எடுக்கவில்லை. என் வாயால் ஒரு பிள்ளையின் பயிற்சியைக் கெடுத்துவிட்டேன் என்று நினைத்து நினைத்துச் சோறு இறங்கவில்லை. டாக்டர் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை.

அதற்கடுத்த வெள்ளிக்கிழமை மூன்று பேரும் வந்தார்கள். அக்கா, அவர் கணவர் மதிவாணன், நடுவில் பிரகதி. மதிவாணன் அறுவடை மிஷின் ஓட்டுகிறவர், பேசவே காசு கேட்கிற ஆள். பிரகதி ஓடிப்போய்த் தன் அட்டைகளை எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். அக்கா டாக்டர் முன்னால் உட்கார்ந்து, ஒயர் கூடையிலிருந்து ஒரு எவர்சில்வர் டம்ளரை எடுத்து மேசை மேல் வைத்தார். மற்றவர்களுக்கு மூடியில் அளப்பாராம். தான் தலைவி என்பதால் தனக்கு டம்ளரில் பாதி. பிரகதி வயிற்றில் இருந்த வருடம் குறுவை, சம்பா இரண்டு நடவு. ஏழு மாதம் வரை வயலில் இருந்திருக்கிறார். நடவு இல்லாத நாளில் இடுப்பு வலிக்கென்று வீட்டிலும்.

டாக்டர் எழுதிக்கொண்டார். யாருக்கு எவ்வளவு குடித்தால் என்ன ஆகும் என்று அளந்து சொல்ல முடியாது, இவ்வளவு வரை பரவாயில்லை என்று சொல்லக்கூடிய அளவு எதுவும் கிடையாது என்று விளக்கினார். கோப்பில் "காரணம் தெரியவில்லை" என்பதை அடித்துவிட்டு நோயின் பெயரை எழுதினார்.

"அப்ப அவ வேணும்னு பண்ணல," என்றார் அக்கா.

"இல்லம்மா. அவளால முடியல. நீங்களும் வேணும்னு பண்ணல."

"நான் பண்ணத விடுங்க டாக்டரம்மா. இத்தன வருசமா இவள அடிச்சிருக்கேனே."

அந்தப் பெரிய குரல் உடைந்து நான் பார்த்தது அன்றைக்கு மட்டும்தான். மதிவாணன் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். பிரகதி எழுந்து வந்து அம்மாவின் முந்தானையாலேயே அம்மாவின் கண்ணைத் துடைத்துவிட்டு மறுபடி அட்டைக்குப் போனாள்.

அழுது முடித்த கையோடு அக்கா மூக்கைச் சிந்திவிட்டு, இந்த ரூமை மார்ச்சில் பூட்டப்போகிறார்களாமே, ஏன் என்று கேட்டார். கடிதத்தைப் பற்றிச் சொன்னேன். நானூற்றுப் பன்னிரண்டு பேரும் இல்லை என்றதைச் சொன்னதும் அவருக்குப் பழைய குரல் திரும்பிவிட்டது.

"நீ கேட்ட லட்சணம் அப்படி. குடிச்சியான்னு கேட்டா எவ ஆமாம்பா? நான் கேக்குறேன், வந்து பாரு."

டாக்டர் மருத்துவமனையின் நெறிமுறைக் குழுவிடம் அனுமதி வாங்கினார். அக்காவுக்கு நாலு நாள் பயிற்சி கொடுத்தார். நடவு முடிந்ததும் நாங்கள் இருவரும் கிளம்பினோம். அவர் கேட்கிற விதத்தைப் பார்க்கத்தான் வேண்டும். போய் நடையில் சம்மணம் போட்டு உட்காருவார். தண்ணீர் வாங்கிக் குடிப்பார். தன் கதையை முதலில் சொல்லிவிடுவார், டம்ளரைக் காட்டி, ஒன்றையும் மறைக்காமல். கடைசியில் சாதாரணமாக ஒரு கேள்வி: "நீ எதுல அளந்த?" அவ்வளவுதான். குடித்தாயா என்று கேட்கவே மாட்டார். அந்தப் பெண் உள்ளே போய் அளந்ததை எடுத்துக்கொண்டு வருவாள். பாட்டில் மூடி, குழந்தைக்குப் பால் புகட்டுகிற பாலாடை, இருமல் மருந்தோடு வந்த பிளாஸ்டிக் கிண்ணம், காப்பி டம்ளர். குடிக்கவே குடிக்காதவர்கள் சிரித்துவிட்டு, எங்கள் வீட்டில் அதெல்லாம் இல்லை அக்கா என்பார்கள். அந்த இல்லையும் நம்பக்கூடிய இல்லையாக இருந்தது. என் மேல் தண்ணீர் ஊற்றிய மாமியார் அக்காவுக்கு மோர் கொடுத்தார். எனக்குக் கொடுக்கவில்லை.

பழைய நானூற்றுப் பன்னிரண்டு பேரில் முந்நூற்றுத் தொண்ணூற்றேழு பேரை மறுபடி பிடித்தோம். நூற்று நாற்பத்து மூன்று பேர் ஆம் என்றார்கள். அவர்கள் கொடுத்த மூடி, பாலாடை, டம்ளர் எல்லாவற்றையும் ஒரு உரச்சாக்கில் போட்டுத் தஞ்சாவூருக்குக் கொண்டுபோனோம். பஸ்ஸில் சாக்கு கலகலவென்றது. கண்டக்டர் பாத்திர வியாபாரமா என்று கேட்டார். டாக்டர் ஒவ்வொன்றிலும் தண்ணீர் நிரப்பி, ஊசிக்குழாயால் உறிஞ்சி அளந்து எழுதினார். எல்லோரும் "கொஞ்சூண்டு" என்று சொன்ன அந்தக் கொஞ்சூண்டு பத்து மில்லியிலிருந்து தொண்ணூறு மில்லி வரை இருந்தது.

ஊருக்குள் பேச்சு கிளம்பாமல் இருக்குமா? நம் பெண்களைக் குடிகாரிகள் ஆக்குகிறாள் என்றார்கள். பஞ்சநதமே வீட்டுக்கு வந்தார். அவர் கொடுத்த பாட்டில்தானே, அவருக்குச் சுருக்கென்று இருக்கத்தானே செய்யும். ஊர் பெயரைக் கெடுக்காதே, தில்லிக்காரர்கள் முன்னால் வாயைத் திறந்தால் அடுத்த சம்பாவுக்கு மிஷினைக் கொண்டுவந்துவிடுவேன் என்றார். அக்கா அவருக்கு நாற்காலி போட்டு, காப்பியும் கொடுத்துவிட்டுச் சொன்னார்:

"கொண்டாங்க அய்யா. எறக்குறது ஒங்க செலவு, தூக்குறதுக்கு எங்க செட்டக் கூப்புடுங்க. பதினெட்டுப் பேரும் வர்றோம்."

அவர் காப்பியைக் குடிக்காமலே போய்விட்டார். அக்கா பயப்படாமல் இல்லை. அவர் வயலில் மட்டும் செட்டுக்கு எட்டு நாள் வேலை. அன்றைக்கு ராத்திரி தூங்கவில்லை என்று என்னிடம் சொன்னார். ஆனால் பதினேழு பெண்களையும் கூப்பிட்டுக் கேட்டதில், குந்தவைதான் முதலில் பேசினாளாம், நீங்கள் போங்கள் அக்கா, மிஷின் வந்தால் பார்த்துக்கொள்ளலாம் என்று.

டிசம்பர் இரண்டாவது வாரம் குழு தஞ்சாவூர் வந்தது. மூன்று பேர். தலைவர் ஒரு வயதான பேராசிரியர் அம்மா, தமிழ் தெரியாது. சென்னையிலிருந்து வந்த ஒருவர் மொழிபெயர்த்தார். மூன்றாமவர் ஒல்லியான ஆள், கேள்வியிலேயே ஊசி வைத்திருப்பவர். டாக்டர் ரிஃப்கா நாற்பது நிமிடம் திரையில் படம் போட்டு விளக்கினார். ஒல்லியானவர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார். ஜூனில் இல்லை என்றவர்கள் நவம்பரில் ஆம் என்கிறார்கள். இடையில் உங்களுக்கு நிதி கிடைக்காமல் போகும் என்ற கடிதம் வந்திருக்கிறது. இரண்டாவது பதிலை நாங்கள் ஏன் நம்ப வேண்டும்?

எனக்கு ரத்தம் தலைக்கேறியது. நாங்கள் சாக்கு நிறையப் பொய் சுமந்து வந்தோம் என்கிறாரா? வாயைத் திறக்கப் போனேன். என் தோளில் ஒரு கை அழுத்தி என்னை உட்கார வைத்தது. அக்கா எழுந்துவிட்டார். பேசுவோர் பட்டியலில் அவர் பெயரே இல்லை. பெற்றோர் என்று பின்வரிசையில் உட்கார வைத்திருந்தார்கள். நடந்துபோய் டம்ளரைப் பேராசிரியர் அம்மா முன்னால் வைத்தார்.

"அய்யா, மொத நாளு டாக்டரம்மா கேட்டப்ப நானும் இல்லைன்னு சொன்னவதான். அப்ப நான் பொய் சொல்லல. குளிருக்குக் குடிச்சத குடின்னு எனக்குத் தெரியாது, மருந்துன்னு நெனச்சேன். இது நான் அளந்த டம்ளரு. எம்மவ வயித்துல இருந்தப்ப ரெண்டு நடவு இதுல பாதி குடிச்சேன். அவளுக்கு ஒன்பது வயசு, பதினொண்ணுக்கு மேல எண்ணத் தெரியாது. எந்த ஆத்தா அய்யா காசுக்காகத் தம்புள்ளைய நாந்தான் கெடுத்தேன்னு நாலு பேரு முன்னால வந்து சொல்லுவா?"

மொழிபெயர்ப்பவர் பாதியில் நிறுத்திவிட்டார். பிறகு கடைசி வரி வரைக்கும் சொன்னார். பின்வரிசையில் ஒரு நாற்காலி நகர்ந்தது. மதிவாணன் எழுந்து நின்றார்.

"வீட்டுக்கு பாட்டில் வாங்கிட்டு வந்தது நான்," என்றார். சொல்லிவிட்டு உட்கார்ந்துகொண்டார். அவர் அந்த மாதம் பேசிய பேச்சு அவ்வளவுதான் இருக்கும்.

பேராசிரியர் அம்மா டம்ளரைக் கையில் எடுத்துப் பார்த்தார். அக்காவிடம், அடுத்த நடவில் அந்தப் பெண்களுக்கு என்ன கொடுப்பீர்கள் என்று கேட்கச் சொன்னார். சுக்குக் காப்பி, அதில் நாலு மிளகு, கொதிக்கக் கொதிக்க, என்றார் அக்கா. ஒல்லியானவர் சாக்கைத் திறந்து பார்க்கலாமா என்று கேட்டார். ஒவ்வொரு மூடியாக எடுத்து, ஒட்டியிருந்த எண்ணைப் படிவத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தார். ஒரு மணி நேரம் பார்த்தார். சும்மா சொல்லக்கூடாது, கடைசியில் எழுந்து அக்காவுக்குக் கைகூப்பிவிட்டுத்தான் போனார்.

பொங்கல் முடிந்த வாரம் கடிதம் வந்தது. ஐந்து வருடத்துக்கு முழு நிதி. தடுப்புக்கு ஒரு பாதி, சிகிச்சைக்கு ஒரு பாதி, கேட்டதில் ஒன்றும் குறைக்கவில்லை. பயிற்சி அறை வாரத்தில் இரண்டு நாள் போய் ஆறு நாள். புதிய கேள்வித்தாளில் முதல் கேள்வி, எதில் அளந்தீர்கள் என்பது. டாக்டர் ரிஃப்கா எப்போதும் அளந்து பேசுகிறவர், அன்றைக்கு நடைக்கூடத்தில் என்னைக் கட்டிப்பிடித்துத் தூக்கிவிட்டார். நான் போனில் அக்காவிடம் சொன்னபோது அவர் செய்தியைக் கேட்டுவிட்டு வயல் பக்கம் திரும்பிப் போட்ட சத்தத்தில் என் காது அடைத்துக்கொண்டது. என் வேலையும் நிலைத்தது. அதில் எனக்கு சந்தோஷம் இல்லை என்று சொன்னால் அதுதான் பொய்.

இந்த வருடம் சம்பா நடவின்போது ஒரு சனிக்கிழமை போயிருந்தேன். அதே பள்ளத்து வயல். பஞ்சநதம் மிஷின் கொண்டுவரவில்லை. சுக்கும் கருப்பட்டியும் போட்ட காப்பி அவர் வீட்டிலிருந்துதான் வந்தது, பித்தளைத் தூக்கில். அவரே தூக்கிக்கொண்டு வந்து வரப்பில் வைத்துவிட்டு, என்னைப் பார்த்ததும் மழை வரும்போல இருக்கிறது என்றார். இப்போது சுற்றுவட்டாரத்தில் ஒன்பது செட்டில் பாட்டில் கிடையாது. குந்தவையின் பெண் குழந்தைக்கு எட்டு மாதம். மரத்தடியில் உட்கார்ந்து மண்ணைத் தட்டிக்கொண்டிருந்தது. இதுவரை எல்லா அளவும் சரியாக இருக்கிறது, இன்னும் சில வருடம் டாக்டர் பார்த்துக்கொண்டே இருப்பார்.

பத்தரைக்கு எல்லோரும் வரப்பேறினார்கள். பிரகதி தூக்குப் பக்கத்தில் நின்றாள். கழுத்தில் ஒரு கயிறு, அதில் அட்டைகள். அவளுக்கு எண் ஏறாது என்று தெரிந்ததும் பயிற்சி அறையில் வேறு வழி பிடித்தார்கள். அம்மா செட்டில் இருக்கிற பதினெட்டுப் பேரின் முகத்தையும் போட்டோ எடுத்து, ஒவ்வொரு முகத்தின் கீழே ஒரு எண் போட்டுக் கொடுத்தார்கள். அவளுக்குப் பிடித்த முகங்கள். எட்டு மாதம் அதையே பழகினாள்.

முதல் அட்டை அந்த வருடத்துக் கர்ப்பிணி. பிரகதி டம்ளரை நிரப்பி அவளிடம் கொடுத்தாள். ஒன்று என்றாள். அட்டையைத் திருப்பினாள். இரண்டு. மூன்று. பத்து வரை வந்துவிட்டாள். அக்கா ஊதிக் குடிக்க எடுத்த டம்ளரை அப்படியே பிடித்திருந்தார். பதினொன்று என்றாள் பிரகதி. நின்றாள். அட்டையைத் திருப்பி, அதிலிருந்த முகத்தை வரப்பில் தேடிக் கண்டுபிடித்துச் சிரித்தாள். பன்னிரண்டு. அதற்குப் பிறகு அவளை யாரால் நிறுத்த முடியும்? பதினெட்டு வரை ஒரே ஓட்டம். அட்டை தீர்ந்துவிட்டது. பெண்கள் கைதட்டப் போனார்கள்.

அவள் இன்னும் முடிக்கவில்லை. வரப்பில் நின்றிருந்த என்னைப் பார்த்தாள். கழுத்து அட்டைகளைப் பார்த்தாள், அதில் நான் இல்லை. குனிந்து இன்னொரு டம்ளரை எடுத்து, தூக்கைச் சாய்த்து, சிந்தாமல் ஊற்றி, என்னிடம் கொண்டுவந்து நீட்டினாள்.

"பத்தொம்போது," என்றாள்.

அதை அவளுக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. சுக்குக் காப்பி என் கையைச் சுட்டது, எனக்குக் கண் மறைத்தது. அக்கா சேற்றுக் கையாலேயே கன்னத்தைத் துடைத்துக்கொண்டு, அக்கரை மாடு திரும்பிப் பார்க்கிற அந்தக் குரலில் என்னை அதட்டினார்.

"என்ன பாத்துக்கிட்டு நிக்கிற பர்வினு? எல்லாத்துக்கும் இல்லைன்னு எழுதுனீல்ல. இத எழுதிக்க."

பேனாவை எடுத்து எழுதிக்கொண்டேன்.